இரண்டாவது கையொப்பம் எதற்காக? – வாசகர் கேள்வி பதில்

அரச திணைக்களங்களின் உள்ளகக் கணக்காய்வு, மோசடித் தடுப்பு ஆகியவை பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் எட்டுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எழுதியவர்களிற் பலர் இன்னும் பணியில் இருப்பதால் பெயர்களைத் தவிர்த்து, பகுதியை மட்டும் குறித்திருக்கிறோம். பதிலளிப்பவர் யாழ்ப்பாணத்தில் உள்ளகக் கணக்காய்வுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர்.

கேள்வி: எமது அலுவலகத்தில் பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுப் பற்றுச்சீட்டு வழங்கி வந்த உத்தியோகத்தர் ஒருவர், நீண்ட காலமாக வசூலில் ஒரு பகுதியைத் தம் கையில் வைத்துப் புழங்கி வந்தமை அண்மையில் வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் உள்ளகக் கணக்காய்வாளர்கள் வராமலில்லை. வந்தார்கள், உறுதிச்சீட்டுக் கட்டுகளை இறக்கிப் பார்த்தார்கள், பிரயாணப் படியில் முந்நூறு ரூபா கூடுதலாகக் கோரப்பட்டுள்ளது என்று ஐயவினா எழுப்பினார்கள், பதிலும் பெற்றுச் சென்றார்கள். முந்நூறு ரூபாவைக் கண்டவர்களுக்கு இலட்சங்கள் ஏன் தெரியவில்லை? இப்படியொரு பிரிவு தேவைதானா?
– முகாமைத்துவ உதவியாளர், வலிகாமம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் விடையின் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர்கள் பார்த்தவை உறுதிச்சீட்டுகள். உறுதிச்சீட்டு, அலுவலகத்திலிருந்து வெளியே செல்லும் பணத்துக்கான ஆவணம். உங்கள் அலுவலகத்தில் ஓட்டை விழுந்ததோ உள்ளே வரும் பணத்தில். கொடுப்பனவுப் பக்கத்தில் எவ்வளவு நுணுக்கமாகத் தேடினாலும் வருமானப் பக்கத்துக் களவு அங்கே அகப்படாது. கணக்காய்வு நேரத்தின் பெரும்பகுதி கொடுப்பனவுகளிலேயே கழிந்துவிடுகிறது என்பது எனது நெடுநாளைய மனக்குறை. உறுதிச்சீட்டுகள் இலக்கமிடப்பட்டு, கட்டுக் கட்டாக, ஆய்வுக்கு வசதியாகக் கிடைக்கின்றன என்பதைத் தவிர அதற்கு வேறு காரணத்தை நான் கண்டதில்லை.

நீங்கள் எழுதியதிலிருந்து ஊகிக்கக்கூடியது மிகப் பழைய முறையொன்று. பொது 172 எனப்படும் அரச பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் திங்கட்கிழமை 40,000 ரூபா வசூலாகிறது எனக் கொள்வோம். அது வங்கிக்குப் போகாமல் உத்தியோகத்தரின் கையில் நிற்கிறது. செவ்வாய் வசூலிலிருந்து 40,000 ரூபாவை எடுத்துத் திங்கட்கிழமைப் பணமாக வங்கியில் இடுகிறார். செவ்வாய்க் குறையைப் புதன் வசூலால் மூடுகிறார். மாத இறுதியில் பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் வங்கி வைப்புகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் ஒரு நாள் வசூல் மட்டுமே வித்தியாசமாகத் தெரியும். அதுவும் இன்னும் வங்கியிலிடப்படாத பணம் என்ற பெயரில் காசேட்டையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் இரண்டு நாளாகும், இரண்டு நாள் ஒரு வாரமாகும். இவ்வாறு புழங்குபவர் லீவு எடுக்கமாட்டார், காய்ச்சலோடும் வேலைக்கு வருவார், தமது மேசையை வேறொருவர் பார்ப்பதை விரும்பமாட்டார். அலுவலகமோ அவரைக் கடமையுணர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்கக் கூட்டுத்தொகைகள் உதவா. பற்றுச்சீட்டின் கரிப்பிரதியையும் வங்கி முத்திரையிட்ட வைப்புச் சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளுக்கு நாள் திகதியைப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலான சோதனை காசோலை. புதன்கிழமை பெறப்பட்ட காசோலையின் இலக்கம், திங்கட்கிழமை வசூல் எனக் குறிக்கப்பட்ட வைப்புச் சீட்டில் இருந்தால், அந்தத் திங்கட்கிழமைக் காசு எங்கே போயிற்று என்ற கேள்வி உடனே எழுகிறது. அன்றைய வசூலில் காசு எவ்வளவு, காசோலை எவ்வளவு என்ற பிரிப்பும் வைப்புச் சீட்டிலுள்ள பிரிப்பும் ஒத்துவராவிட்டால் வேறு சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கரிப்பிரதியையும் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மூலப் பிரதியில் 4,500 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கரித்தாளின் கீழ் வெறும் கடதாசியைச் செருகி, பின்னர் கரிப்பிரதியில் 450 என்று தனியாக எழுதுபவர்கள் உண்டு. பேனை அழுத்திய தடமும் கரியின் எழுத்தும் அங்கே ஒன்றோடொன்று பொருந்தா. பாவிக்கப்படாத பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பதிவேட்டின்படி எண்ணிப் பார்ப்பதும் தவறவிடக் கூடாத வேலை. காணாமற்போன ஒரு புத்தகம், தெருவிலே திரியும் ஓர் அலுவலகத்துக்குச் சமம்.

ஆவணம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து நடவடிக்கையும் ஒழுங்காகத்தான் நடந்தது என்று நம்பியதன் விலையை நாடு பெரிய அளவிலும் கொடுத்திருக்கிறது. 2000களின் முற்பகுதியில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் நடந்த பெறுமதி சேர் வரி மீளளிப்பு மோசடியில், கடதாசியில் மட்டும் வியாபாரம் செய்த கம்பனிகளுக்கு ரூபா 350 கோடிக்கு மேற்பட்ட தொகை மீளளிக்கப்பட்டது.

இனி, உள்ளகக் கணக்காய்வு எதற்கு என்ற உங்கள் கேள்வி. அரச பணத்தைக் கையாள்வதற்கான விதிகளாகிய நிதிப் பிரமாணங்களில் 133 ஆவது அதன் பணியை விரித்துரைக்கிறது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு அதைச் சட்டத் தேவையாக்கியிருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் உள்ளகக் கணக்காய்வாளரைக் காசாளரின் பக்கத்தில் தினமும் நிற்கச் சொல்லவில்லை. அவருடைய வேலை, அலுவலகத்தின் தடுப்பு முறைகள் இயங்குகின்றனவா என்று சோதித்துச் சொல்வது. அந்தத் தடுப்பு முறை நாள்தோறும் இருக்க வேண்டிய இடம், காசேட்டில் ஒப்பமிடும் பதவிநிலை உத்தியோகத்தரின் கை. ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் ஊடாகச் செல்ல வேண்டுமென்று நிதி அதிகாரங்கள் பிரித்து வழங்கப்படுவது, முதலாமவர் செய்ததை இரண்டாமவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. உங்கள் அலுவலகத்தில் அந்த மாதங்கள் முழுவதும் காசேட்டின் அடியில் இரண்டாவது கையொப்பம் ஒன்று இருந்திருக்கும். அதை இட்டவர் ஒரு நாளாவது வைப்புச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள். கணக்காய்வாளர்களுக்கு உரிய குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர்கள்.

கேள்வி: எடுத்த பணத்தை முழுவதும் திருப்பிக் கட்டிவிட்டால் விடயம் அத்தோடு முடிந்துவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
– நல்லூர்

பதில்: இல்லை. பணத்தைத் திருப்பிச் செலுத்துவது அரசின் நட்டத்தைக் குறைக்கும். நடந்த செயலை இல்லாமலாக்காது. 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கு எதிரான தவறுகள் சட்டத்தின் கீழ், அரச சொத்தைக் கையாடல் செய்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்துக்குக் குறையாத, இருபது வருடங்களுக்கு மேற்படாத சிறைத்தண்டனையும், ஆயிரம் ரூபா அல்லது சொத்தின் பெறுமதியின் மூன்று மடங்கு, இவற்றுள் எது கூடியதோ அந்தத் தொகை தண்டப்பணமும் உண்டு. அதற்குப் புறம்பாக, அரச ஊழியருக்கான விதிகளடங்கிய தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியிலுள்ள 48 ஆம் அத்தியாயத்தின்படி ஒழுக்காற்று விசாரணை நடைபெறும். அது முடியுமுன் ஓய்வு வயது வந்துவிட்டால் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12 ஆம் பிரிவு ஓய்வூதியத்துக்குக் குறுக்கே நிற்கும்.

சக ஊழியர்கள் பணம் சேர்த்துக் கொடுத்து, மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, 'பிள்ளைகுட்டிக்காரன்' என்று விட்டுவிடுவது நம்மிடையே கருணையாகக் கருதப்படுகிறது. அதில் நான் காண்பது வேறு. சிறையிலிருந்த கையாடற்காரர்களை ஆராய்ந்து 1953 இல் தம் முடிவுகளை வெளியிட்ட அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெசி, மூன்று விடயங்கள் சேர்ந்தே நம்பிக்கைத் துரோகம் பிறக்கிறது என்றார்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, கையில் கிடைத்த வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அந்தச் சமாதானங்களில் முதன்மையானது 'கடனாகத்தான் எடுக்கிறேன், வைத்துவிடுவேன்' என்பது. திருப்பிக் கட்டினால் போதும் என்று ஓர் அலுவலகம் பேசத் தொடங்கும்போது, அடுத்தவருக்கான சமாதானத்தை அது முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறது.

கேள்வி: உள்ளகக் கணக்காய்வாளரின் லீவையும் சம்பள ஏற்றத்தையும் அங்கீகரிப்பவர் திணைக்களத் தலைவர். அவருடைய கையொப்பத்தையே இவர் எப்படிக் கேள்வி கேட்பார்?
– யாழ்ப்பாணம்

பதில்: இந்த முடிச்சு உலகெங்கும் உள்ளது, முற்றாக அவிழ்ந்த இடம் என எதையும் நான் அறியேன். வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் நிலை வேறு. அவருக்கு அரசியலமைப்பின் 153, 154 ஆம் உறுப்புரைகள் காப்பாக இருக்கின்றன. கொழும்பின் கீழ் இயங்கும் திணைக்களமானாலும் கைதடியிலுள்ள மாகாண நிர்வாகத்தின் திணைக்களமானாலும் அவருடைய ஆய்வுக்கு உட்பட்டதே. உள்ளகக் கணக்காய்வாளரோ அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பவர். ஆகவே அவர் பார்த்ததை வீட்டுக்கு வெளியேயும் தெரியச் செய்யும் வழிகள் சில வகுக்கப்பட்டிருக்கின்றன. நிதிப் பிரமாணம் 134 இன்படி ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய கணக்காய்வுத் திட்டம் கணக்காய்வாளர் தலைமை அதிபதியுடன் கலந்தாலோசித்தே தயாரிக்கப்பட வேண்டும். அறிக்கைகளின் பிரதிகள் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கும், நிதி அமைச்சின் கீழுள்ள முகாமைத்துவக் கணக்காய்வுத் திணைக்களத்துக்கும் செல்ல வேண்டும். கணக்காய்வு முகாமைத்துவக் குழு ஆண்டுக்கு நான்கு தடவைகளேனும் கூட வேண்டும்.

கடதாசியில் இவை போதுமானவை. நடைமுறையில் நான் முக்கியமாகப் பார்ப்பது மூன்றாவதை. கணக்காய்வு முகாமைத்துவக் குழுக் கூட்டத்தின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒரே விடயம் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற குறிப்புடன் நான்கு கூட்டங்களிலும் வந்திருந்தால், அங்கே உள்ளகக் கணக்காய்வு வெறும் அலங்காரம். கூட்டத்துக்குத் திணைக்களத் தலைவர் வராமல் பதில் கடமை பார்ப்பவரை அனுப்பும் வழக்கமும் அதே நோயின் அறிகுறிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆளணி குறைவு என்ற பெயரில் உள்ளகக் கணக்காய்வாளரையே பெறுகைக் குழுவில் அமர்த்துவதும், பொருட் கணக்கெடுப்புக்கு அனுப்புவதும், கணக்காளர் லீவில் நிற்கும்போது கொடுப்பனவுகளை அத்தாட்சிப்படுத்தச் சொல்வதும் நடக்கின்றன. தாம் கையொப்பமிட்ட கொடுப்பனவை அவர் பின்னர் எந்த முகத்தோடு ஆய்வு செய்வார்? தலைவர் நல்லெண்ணத்தோடு கேட்டாலும் மறுத்துவிட வேண்டிய வேலைகள் இவை. எழுத்தில் மறுப்பது நல்லது. சுதந்திரம் யாரும் கொடுத்து வருவதில்லை என்று இளைய கணக்காய்வாளர்களுக்கு நான் சொல்வதுண்டு. சிலர் கேட்கிறார்கள், சிலர் இடமாற்றத்துக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தையும் நான் குறை கூறமாட்டேன்.

கேள்வி: நான் களஞ்சியத்தைப் பொறுப்பேற்றபோது, முன்னையவர் அவசர இடமாற்றத்தில் சென்றுவிட்டதால் பொருட்களை எண்ணிக் கையளிக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் கையொப்பமிட்டேன். இப்போது ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பில் இரண்டு நீர்ப்பம்பிகளும் ஒரு தொகுதி மின்கம்பியும் குறைகின்றன. பெறுமதியை என்னிடம் அறவிடப் போவதாக வாய்மொழியாகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?
– களஞ்சியப் பொறுப்பாளர், தென்மராட்சி

பதில்: முதலில், வாய்மொழிக்கு வாய்மொழியாகப் பதில் சொல்வதை நிறுத்துங்கள். குறைபாட்டை அறிந்த திகதி, பொறுப்பேற்ற திகதி, எண்ணிக் கையளிக்கப்படாத நிலை, அதை அப்போது யாருக்குத் தெரிவித்தீர்கள் என்பவற்றை எழுதி இன்றே திணைக்களத் தலைவரிடம் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டமைக்கான ஒப்பத்தை வாங்கி வையுங்கள்.

அரச பொருளொன்று குறைந்தால் யாரிடம் அறவிடுவது என்பதை ஒருவர் மேசையிலிருந்து தீர்மானிக்க முடியாது. நிதிப் பிரமாணம் 102 முதல் 110 வரை நட்டங்களுக்கானவை. 104 இன்படி, என்ன நடந்தது, எவ்வளவு நட்டம், யார் பொறுப்பு என்பதை அறிய விசாரணை நடத்தப்பட வேண்டும். முதனிலை அறிக்கை ஏழு நாட்களுக்குள்ளும் முழு அறிக்கை மூன்று மாதங்களுக்குள்ளும் கொடுக்கப்பட வேண்டும். களவு அல்லது மோசடி எனச் சந்தேகம் இருந்தால் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும். நட்டம் 110 ஆம் பிரமாணத்துக்குரிய நட்டப் பதிவேட்டில் ஏற வேண்டும். உங்கள் பொருட்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் விசாரணை தொடங்கவேயில்லை என்று பொருள்.

விசாரணையில் உங்களைக் காப்பாற்றக்கூடியது இருப்பேட்டின் வரலாறு. முந்திய ஆண்டுகளின் பொருட் கணக்கெடுப்பு அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு பம்பிகளும் கடைசியாக எந்த ஆண்டில் கண்ணாற் காணப்பட்டன, எந்த ஆண்டிலிருந்து அறிக்கையில் சும்மா பெயர்த்தெழுதப்பட்டன என்பது அங்கே புலப்படும். கணக்கெடுப்புக்கு வருபவர்கள் களஞ்சியத்துக்குள் இறங்காமல், தேநீரோடு அலுவலக மேசையில் பதிவேட்டைப் பார்த்தே சரி போட்ட ஆண்டுகளும் இருக்கும். வழங்கற் கட்டளைகளையும் தேடுங்கள். பம்பி வேறொரு கிளை அலுவலகத்துக்கு இரவலாகப் போய், அங்கே கிணற்றடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். அப்படிக் கண்டெடுக்கப்பட்டவை பல.

எண்ணாமற் கையொப்பமிட்டது உங்கள் பக்கத்துத் தவறு. அதற்குரிய பங்கை விசாரணைக் குழு உங்கள்மீது வைக்கலாம். முழுப் பாரத்தையும் வைக்க அதற்கு மேலான காரணம் வேண்டும். எண்ணாமல் கையளிக்க விட்ட மேலதிகாரியும் கேள்விக்குரியவரே.

கேள்வி: சிகாஸ் கணக்கீட்டு மென்பொருளில் கணக்காளரின் கடவுச்சொல்லை நாங்கள் எல்லோரும் அறிவோம். வேலை கெதியாக முடிகிறது. இதில் பிழை உண்டா?
– தீவகம்

பதில்: உண்டு. தரவைப் பதிபவரும் அங்கீகரிப்பவரும் ஒருவராகிவிட்டால் இரண்டாவது கையொப்பம் இல்லை; கணினி மட்டும் இருப்பதாகப் பதிவு செய்துகொள்ளும். நாளை இல்லாத ஒருவருக்குக் கொடுப்பனவு போனால், அதை அங்கீகரித்தவராகக் கணக்காளரின் பெயரே காட்டப்படும். நேர நெருக்கடியில் கடவுச்சொல்லைக் கொடுத்தேன் என்பது அவரைக் காப்பாற்றாது. கணக்காளரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்; இன்றே மாற்றிக்கொள்வார்.

கேள்வி: நான் ஓர் அரச வாகனச் சாரதி. எனது வாகனம் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் குறைவாக இருப்பதாகக் கணக்காய்வு சொல்லி, எண்ணெய் களவு போவதுபோல் என்னைப் பார்க்கிறார்கள். வாகனம் மிகவும் பழையது. எந்நேரமும் குளிரூட்டியோடு நிற்பாட்டி வைத்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.
– யாழ்ப்பாணம்

பதில்: ஐயவினாவில் குறிக்கப்பட்டிருக்கும் தூரம் எந்தப் பரிசோதனையின் அடிப்படையிலானது என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி, ஒவ்வொரு அரச வாகனத்தினதும் எரிபொருட் பாவனை பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு தடவை, அல்லது 25,000 கிலோமீற்றர் ஓடியபின், அல்லது இயந்திரத்தில் பெரிய திருத்தம் செய்தபின், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மீளப் பரிசோதிக்கப்பட வேண்டும். அநேக அலுவலகங்களில் வாகனம் புதிதாக வந்தபோது எழுதிய எண்ணே இன்றும் கிடக்கிறது. மறுபரிசோதனை செய்யாமல் சாரதியைச் சந்தேகிப்பது நியாயமல்ல. செய்துவிட்டால் உங்கள் சொல்லுக்கும் சான்று கிடைக்கும்.

காத்து நிற்பதை ஓட்டக் குறிப்பேட்டில் எழுதி, பயணம் செய்த உத்தியோகத்தரிடம் ஒப்பம் வாங்குங்கள். நாளாந்த ஓட்டக் குறிப்புகளும் மாதாந்தச் சுருக்கமும் நிதிப் பிரமாணம் 1646 இன்படி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குச் செல்ல வேண்டியவை. மாத முடிவில் ஒரே பேனையால், ஒரே மூச்சில் எழுதி நிரப்பிய குறிப்பேட்டை எந்தக் கணக்காய்வாளரும் நம்பமாட்டார். எண்ணெய்க் களவு நடப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. நடக்கும்போது அது பெரும்பாலும் சாரதி தனியாகச் செய்வதல்ல. ஓடாத பயணத்துக்கு ஒப்பமிட்டவர் ஒருவர் எப்போதும் இருப்பார். ஐயவினா அவரிடமும் போக வேண்டும்.

கேள்வி: மொட்டைக் கடிதங்களைக் கணக்காய்வாளர்கள் கவனிப்பார்களா? எனக்குத் தெரிந்த ஒரு முறைகேட்டைப் பெயர் சொல்லாமல் எழுத நினைக்கிறேன்.
– வடமராட்சி

பதில்: யாழ்ப்பாணத்தில் பதவியுயர்வுப் பட்டியல் வெளிவரும் காலமும் இடமாற்றக் காலமும் மொட்டைக் கடிதங்களுக்கும் பருவகாலம். அவற்றில் கணிசமானவை குடும்பத்தையும் சாதியையும் நடத்தையையும் இழுத்து எழுதப்பட்டவை. வாசித்துவிட்டுக் கை கழுவ வேண்டியவை. ஆயினும் மொட்டைக் கடிதம் என்பதற்காகவே குப்பையில் போடும் அலுவலகம் தனது கண்ணொன்றைத் தானே மூடிக்கொள்கிறது. சான்றுபெற்ற மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024 இல் வெளியிட்ட ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்ட மோசடிகளில் 43 வீதமானவை யாரோ ஒருவர் கொடுத்த தகவலாலேயே வெளிப்பட்டன. உள்ளகக் கணக்காய்வு தானாகக் கண்டவை 14 வீதம் மட்டுமே. தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதே நிறுவனத்தின் ஊழியர்கள். என் தொழிலுக்கு இது பெருமை தரும் கணக்கல்ல. ஆனால் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

கடிதம் கவனிக்கப்படுவதும் படாததும் அதில் உள்ள சரக்கைப் பொறுத்தது. 'இன்னார் கோடிக்கணக்கில் அடிக்கிறார்' என்பதை வைத்துக் கணக்காய்வாளர் எந்த அலுமாரியைத் திறப்பார்? எந்த வேலை, எந்த மாதம், எந்த வழங்குநர், உறுதிச்சீட்டு இலக்கம் தெரிந்தால் அது, விலைக் கோரல்கள் மூன்றும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றனவா, பொருள் உண்மையில் வந்ததா, இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அத்தகைய கடிதத்துக்குப் பெயர் தேவைப்படாது. அதைச் சோதித்துப் பார்க்க அரை நாள் போதும். ஆவணத்தின் மூலப் பிரதியை எடுத்து வீட்டில் வைக்காதீர்கள். அதுவே உங்களைக் குற்றவாளியாக்கும்.

பத்திரிகைக்குப் போவதைத் தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயம் அரச ஊழியருக்குத் தடுத்திருக்கிறது. முறைப்பாட்டுக்கு உரிய வாசல்கள் வேறு. 2025 ஆம் ஆண்டின் ஜனாதிபதி செயலகச் சுற்றறிக்கைக்கு இணங்க அரச நிறுவனங்களில் உள்ளக அலுவல்கள் பிரிவுகள் அமைக்கப்பட்டு வருகின்றன. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவை 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். பழைய இலஞ்சச் சட்டம் பிறந்த ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம், தகவல் தருபவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. பொய்யென்று தெரிந்தே குற்றஞ்சாட்டுவதை அதே சட்டம் தவறாகவும் ஆக்கியிருக்கிறது. நீங்கள் நேரிற் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கடிதத்தில் வேறு வேறாக எழுதினால் இந்தப் பிரிவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் இட்டு ஒரு மாரி கழியுமுன் வெடித்துவிட்டது. பொதுமகனாகிய நான் கணக்குப் பார்க்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தீவகம்

பதில்: முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வேலையைச் செய்வித்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'ஒழுங்கை பற்றிய விபரம்' என்று கேட்டால் ஒரு பந்தியில் பதில் வரும். ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீடு, ஒப்பந்தம், அளவீட்டுத் தாள், கடைசிப் பட்டியல், கொங்கிறீற் பரிசோதனை அறிக்கை, வேலை திருப்திகரமாக முடிந்தது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் கொடுத்த சான்றிதழ், ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்த பணம் விடுவிக்கப்பட்ட திகதி ஆகிய ஏழும் போதும். தடுத்துவைத்த பணம் இன்னும் விடுவிக்கப்படாதிருந்தால் ஒப்பந்தகாரரைக் கொண்டே திருத்துவிக்க இடமுண்டு. ஆகையால் அந்தத் திகதியை முதலில் பாருங்கள்.

அளவீட்டுத் தாள் கைக்கு வந்ததும், அயலவர் இருவரையும் ஓர் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு போய் நீளத்தையும் அகலத்தையும் சரிபாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒழுங்கையில் போட்டதை அளப்பதற்கு யாரும் கோபிக்க முடியாது. தடிப்பை அளக்க வெடித்த ஓரமே போதும். பட்டியலில் ஆறு அங்குலமும் ஓரத்தில் நான்கு அங்குலமும் இருந்தால், புகைப்படம் எடுத்து, பிரதியோடு அந்த அலுவலகத்தின் உள்ளகக் கணக்காய்வாளருக்கும் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கும் அனுப்புங்கள்.

விண்ணப்பம் கிடைத்துப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், ஒவ்வொரு கடிதத்தினதும் பிரதியைத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.